மழைக்கு முன் இறங்கியிருக்க வேண்டிய விமானம்

விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் எனக்கு வேலை. ஓடுபாதையில் எந்த விமானம் எப்போது இறங்கலாம், எது எப்போது கிளம்பலாம் என்று விமானிகளுக்குச் சொல்கிறவர்களில் நானும் ஒருத்தி. வீடு ஆவடியை அடுத்த கோவில்பதாகையில். கோபுரத்தின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் எங்கள் பக்கத்து வானம் தெரியும். சாயங்கால மழை பெரும்பாலும் அங்கிருந்துதான் ஏறி வரும். எங்கள் மொட்டை மாடியில் காயும் துணி நனைந்த பிறகுதான் ஓடுபாதை நனையும் என்று கூட வேலை செய்பவர்களிடம் சொல்லிச் சிரிப்பேன்.

அன்று மதியத்துக்கு மேல் பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் வானம் கறுத்துவிட்டது. மழைக்கு முன் கிளம்பிவிட வேண்டும் என்று விமானங்கள் வரிசையில் நின்றன. இறங்க வருபவையும் அதே அவசரத்தில் இருந்தன. ஒன்று இறங்கி ஓடுபாதையை விட்டு விலகியது. அதற்கு அடுத்ததாக ஹைதராபாத்திலிருந்து ஒரு விமானம் வந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி. காத்திருப்பவற்றில் ஒன்றை அதில் கிளப்பிவிடலாம். தாராளமான இடைவெளி என்று சொல்ல முடியாது. ஆனால் விதிப்படி போதும்.

வரிசையில் முதலில் நின்ற விமானியிடம், உடனே கிளம்ப முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றார். ஓடுபாதைக்குள் வரச் சொன்னேன். வந்து நின்றவர், போகிற வழியில் மேகம் இருப்பதைத் தன் ரேடாரில் பார்த்துவிட்டு, கிளம்பியதும் எந்தப் பக்கம் திரும்பலாம் என்று என்னிடம் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் சொன்னேன். அவர் அதைத் திருப்பிச் சொன்னார். விமானம் மட்டும் நகரவில்லை.

அதற்குள் ஹைதராபாத் விமானம் நெருங்கிவிட்டது. இறங்க அனுமதி உண்டா என்று அதன் விமானி கேட்டார்.

"தொடர்ந்து வாருங்கள். பாதை காலியானதும் சொல்கிறேன்" என்றேன்.

இந்தா கிளம்பிவிடும், இந்தா கிளம்பிவிடும் என்று ஓடுபாதையில் நின்றதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்க வேண்டாம், மேலே போங்கள் என்று சொல்லும் பொறுப்பு என்னுடையது. அந்த வார்த்தை நாக்கு வரை வந்து நின்றது. எனக்கு முன்னால் ஹைதராபாத் விமானியே சொல்லிவிட்டார்.

"நாங்கள் மேலே போகிறோம்."

குரலில் கோபம் இல்லை. இறங்க வேண்டிய பாதையில் இன்னொரு விமானம் நிற்பதைக் கண்ணால் பார்க்கிற விமானி, கீழே இருப்பவரின் உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஓடுபாதையில் இருந்ததை அப்படியே நிற்கச் சொன்னேன். அதன் தலைக்கு மேலே இரைச்சலோடு ஏறிப் போனது ஹைதராபாத் விமானம். அது சுற்றி மறுபடி வருவதற்குள் மழை கொட்டிவிட்டது. எதிரே நின்ற கட்டடமே தெரியவில்லை. விமானம் கொஞ்ச நேரம் வானத்தில் வட்டமிட்டுப் பார்த்துவிட்டு பெங்களூருக்குப் போய்விட்டது.

பின்னால் நின்ற என் மேலதிகாரி, "விதிப்படி ஒரு தப்பும் இல்லம்மா. கேப் இருந்துச்சு, குடுத்தீங்க. எல்லாம் சேஃப்பா முடிஞ்சுது, விடுங்க" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாமே என்று அந்த விமானி மேல் எரிச்சல்கூட இருந்தது. வேலை முடிந்ததும் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு, தண்ணீர் தேங்கிய பூந்தமல்லி சாலையில் ஸ்கூட்டரை உருட்டாத குறையாக ஓட்டி வீடு வந்து சேர்ந்தேன்.

எதிர் பிளாட் பெண் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். நிறைமாதம். மானாமதுரைப் பக்கத்துக்காரி. கணவனுக்கு அம்பத்தூரில் ஐ.டி. வேலை, ஒரு வாரமாகக் கம்பெனி வேலையாக வெளியூர் போயிருந்தான். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது என்பதால் அவளுடைய அம்மாவும் ஊரிலிருந்து வந்து சேரவில்லை. பக்கத்தில் ஆஸ்பத்திரிப் பை. முகமெல்லாம் வியர்வை.

வீட்டுச் சொந்தக்காரர் வாசலில் காரை நிறுத்திவிட்டுக் கத்திக்கொண்டிருந்தார். கோவில்பதாகையில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் வைத்திருந்த குடும்பம் அவருடையது. அந்த நிலத்தில்தான் இப்போது நாங்கள் குடியிருக்கும் கட்டடம் நிற்கிறது.

"இன்னாம்மா, இன்னும் குந்திகினே கீற? வலி வந்துகினு கீது, ஊட்டுக்காரன் வரட்டும்னு சொன்னா கொயந்த கேக்குமா? தங்கச்சி, நீ சொல்லு இதுக்கு!"

"அவுக வந்துருவாகக்கா" என்றாள் அவள் என்னைப் பார்த்து. "காலையில லேசா வலிக்குதுன்னு சொன்னேன். உடனே கெளம்பிட்டாக. வந்ததும் சேந்து போலாம்னு இருந்தேன்."

அவளைத் தாங்கிப் பிடித்துக் காரில் ஏற்றி நானும் ஏறிக்கொண்டேன். வீட்டுச் சொந்தக்காரர் ஆவடியைப் பார்த்து வண்டியை விட்டார். பாதி வழியில் அவளுடைய போன் அடித்தது. பேசிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"பெங்களூர்ல கெடக்காகளாம். மெட்ராஸ்ல எறங்கப் போயி, தரை தெரியுற வரைக்கும் வந்துட்டு, மறுபடி மேல தூக்கிட்டானாம். எந்தப் பாவிக்கா அவன்? எறக்கத் தெரியாதவன் எதுக்கு ஓட்ட வாரான்?"

"ஹைதராபாத்லருந்தா வர்றார்?" என்று கேட்டேன். கேட்கத் தேவையே இல்லை.

"ஆமாக்கா."

என் கை அவள் கையில் இருந்தது. அடுத்த வலி வந்தபோது அவள் அதை இறுக்கினாள். அந்த விமானியைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்த மாத்திரத்தில் கோபப்பட்டார். "இவ்ளோ நேரம் எதுக்கு வீட்ல வச்சிருந்தீங்க?" என்று என்னைத்தான் கேட்டார். பதில் எனக்குத் தெரியும். ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். ஆண் குழந்தை. வயிற்றிலேயே அழுக்குத் தண்ணீரைக் குடித்துவிட்டதாம். பிறந்ததும் சரியாக அழவில்லை. மூச்சுக்குக் குழாய் வைத்து, தனியறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்கவைத்தார்கள். பிழைத்துக்கொள்ளும், ஆனால் பார்க்க வேண்டும் என்றார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். விதிப்படி ஒரு தப்பும் இல்லை என்ற வார்த்தை அந்த இடத்தில் எனக்கு உதவவில்லை.

மறுநாள் காலை கணவன் பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தான். குழந்தையைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்து, என் காலில் விழாத குறையாக நன்றி சொன்னான்.

"அந்த பைலட்டை நான் சும்மா விடலக்கா" என்றான். "இது என் முடிவு, மன்னிச்சிக்குங்கன்னு மைக்ல சொன்னாரு. பெங்களூர்ல எறங்கும்போது கதவுகிட்ட நின்னாரு. எம் பொண்டாட்டிக்கு ஏதாவது ஆச்சுன்னா நீதான்யா பொறுப்புன்னு கத்திட்டேன். கையக் கட்டிக்கிட்டு நின்னாரு. திருப்பி ஒண்ணும் சொல்லல."

ரன்வேயில் இன்னொரு விமானம் நின்றது என்று அவர் சொல்லியிருக்கலாம். கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். சொல்லவில்லை. அவனிடம் வேறு எதையாவது பேசி நகர்ந்துவிட எனக்கு வழி இருந்தது. முடியவில்லை.

"அவர் மேல தப்பில்லப்பா. அந்த நேரத்துல கோபுரத்துல இருந்தது நான்தான். அவர் எறங்க வேண்டிய பாதையில நான்தான் இன்னொரு பிளேனை நிறுத்தியிருந்தேன். அவர் மேல போனதாலதான் நீங்க எல்லாரும் பத்திரமா இருக்கீங்க."

 திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். "அவரைப் போய்த் திட்டிட்டேனே" என்று மட்டும் சொல்லிவிட்டு மனைவி இருந்த அறைக்குப் போனான்.

குழந்தை தேறிவிட்டது. சில நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மானாமதுரையிலிருந்து வந்த அம்மா எங்கள் வீட்டுக்கும் இனிப்பு கொடுத்தனுப்பினார். அந்தப் பெண் மட்டும் வரவில்லை. ஒரு நாள் மாடியில் துணி எடுக்கும்போது எதிரே வந்தாள்.

"அக்கா, கோபுரத்துல இருந்தது நீங்கதான்னு அவுக சொன்னாக. அன்னைக்கு நீங்க எங்கூட வந்தது அதுக்காகத்தானா?"

"இல்லம்மா. கார்ல ஏறும்போது எனக்குத் தெரியாது. நீ போன் பேசினப்பதான் தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் சொல்லலயே. நான் அந்த மனுசனைத் திட்டத் திட்டக் கேட்டுக்கிட்டுத்தான இருந்தீக."

ஆமாம் என்றேன். அவள் கொடியிலிருந்த தன் துணியை அள்ளிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

வேலையில் என் கை கட்டிப்போட்டதுபோல் ஆனது. இடைவெளி நிறையவே இருந்தாலும் விமானங்களை நிறுத்திவைத்தேன். வரிசை நீண்டது. "பயந்து பயந்து பண்ணாலும் ஆபத்துதாம்மா" என்று மேலதிகாரி கண்டித்தார். அவர் சொன்னதும் சரி. மெல்ல மெல்லத்தான் பழைய நிதானம் வந்தது. அந்த விமானியின் குரலை அதற்குப் பிறகும் ரேடியோவில் கேட்டிருக்கிறேன். அங்கே மன்னிப்புக் கேட்க இடமில்லை. இறங்க அனுமதி என்று சொன்னேன். நன்றி என்றார்.

குழந்தை தவழ ஆரம்பித்த சமயத்தில் அவர்கள் திருநின்றவூருக்கு வீடு மாறினார்கள். வாடகை குறைவு, இடமும் பெரியது. சாமான் ஏற்றும் நாளில் நான் வாசலில் நின்றிருந்தேன். பீரோவை இறக்கத் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். அவள் இடுப்பில் குழந்தை. சுற்றிலும் பார்த்தாள். கை சும்மா இருந்தவர் வேறு யாரும் இல்லை.

"கொஞ்சம் பிடிங்க" என்று என்னிடம் கொடுத்தாள்.

நல்ல கனம். என் காதிலிருந்த கம்மலைப் பிடித்து இழுத்தான். பீரோ வண்டியில் ஏறியதும் அவள் வந்து கையை நீட்டினாள். கொடுத்தேன்.