கொடிமரத்துக்கு இடப்பக்கம்

எனக்குக் கூட்டம் பிடிக்காது. திருவிழாக் கூட்டத்தைச் சொல்லவில்லை, காகிதத்தில் பென்சிலால் வரைந்த கூட்டத்தைச் சொல்கிறேன். நாற்பது தலை இருந்தால் நாற்பதுக்கும் நான்தான் மை போட வேண்டும்.

மலாயா சுதந்திரத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த நாட்களில், மலாக்கா நகரத்துக் காஜா பேராங் பகுதியில் மலாக்காச் செட்டி அம்மாள் ஒருவரின் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். பகலில் ஜாலான் பெண்டஹாராத் தெரு ஜவுளிக்கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவேன். மற்ற நேரத்தில் சிங்கப்பூர் வார இதழ் ஒன்றின் படக்கதைக்கு மை போட்டேன். படத்தைப் பென்சிலில் வரைந்தவர் தைப்பிங்கில் இருந்தார். புதன்கிழமை தபாலில் அவருடைய பக்கங்கள் வரும். அந்தக் கோடுகளின் மேல் நிப்பாலும் பிரஷ்ஷாலும் கறுப்பு மையை ஓட்டி, காய்ந்ததும் பென்சிலை ரப்பரால் அழித்து, சனிக்கிழமை தபால் ஆபீஸ் மூடுவதற்குள் சிங்கப்பூருக்கு அனுப்பிவிட வேண்டும். இரண்டு வருடம் இப்படியே போயிற்று. ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை.

தனியாகக் கடிதம் எழுதும் பழக்கம் அவருக்கு இல்லை. சொல்ல வேண்டியதைப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிடுவார். "மழை இங்க நிக்கவே இல்ல தம்பி. நாலாவது கட்டத்துல வானத்தக் கறுப்பாக்கிடுங்க." நான் பதிலைக் கார்டில் எழுதுவேன். மை காய்ந்ததும் அவர் எழுதியதையும் சேர்த்து அழித்துவிடுவேன். பக்கம் சுத்தமாக அச்சகத்துக்குப் போக வேண்டும்.

எழுத்தை மட்டும் அழித்திருந்தால் பரவாயில்லை. நேரம் போதாத வாரங்களில், பின்வரிசை ஆட்களில் நாலைந்து பேருக்கு மை போடாமல் ரப்பரைத் தேய்த்துவிடுவேன். ஆசிரியருக்குத் தெரியாது, வாசகர்களும் தேடப்போவதில்லை. அவர் மட்டும் அச்சான இதழை வைத்துக்கொண்டு எண்ணிப் பார்ப்பார். "தம்பி, போன வாரம் சந்தையில மூணு பேரக் காணோமே. பசியில தின்னுட்டீங்களா?" அதில் கோபம் இருக்காது. நானும் திருந்தவில்லை.

ஒரு கார்டில், உங்கள் முகத்தை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் அண்ணே, ஒரு போட்டோ அனுப்புங்கள் என்று எழுதினேன். உண்மையிலேயே ஆசைதான். என் கை வாரம் முழுக்க அவர் கை போன வழியிலேயே போகிறது, அவருக்கு மீசை உண்டா என்றுகூட எனக்குத் தெரியாது.

அடுத்து வந்த பக்கங்களில் போட்டோ இல்லை. ஓரத்திலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் பாதிக்கு மேல் ஒரே கட்டம்: திடலில் சுதந்திரக் கொடியேற்றம், ஊரே திரண்டு நிற்கிறது. எனக்கு எரிச்சல் வந்தது. அந்த வாரம் பார்த்து ஜவுளிக்கடைக்காரர்கள் எல்லாரும் புதுப் பலகை கேட்டு நெருக்கினார்கள். சனிக்கிழமை காலையில் இன்னும் ஒன்பது பேர் பாக்கி. வீட்டுக்கார அம்மாள் கதவருகே நின்று, "சூடா சியாப்?" என்றார். முடிந்ததா என்று அர்த்தம். தமிழ் வம்சம்தான், ஆனாலும் அவருக்குத் தமிழ் வராது, வீட்டில் மலாய்தான். "சூடா," என்று சொல்லிவிட்டு ஒன்பது பேரையும் தேய்த்தேன். கொடிமரத்துக்கு இடப்பக்கம் வெறும் வானம் ஆயிற்று. தபால் ஆபீஸில் அன்று கடைசி ஆள் நான்தான்.

திங்களன்று தைப்பிங்கிலிருந்து ஒரு கார்டு வந்தது. அவர் எனக்குத் தனியாகத் தபால் போட்டது அதுதான் முதல் தடவை.

"போட்டோ எல்லாம் எங்கிட்ட இல்ல தம்பி. கண்ணாடியப் பாத்து ரெண்டு நாளா வரைஞ்சேன். கொடிமரத்துக்கு இடப்பக்கம், கடைசி வரிசை, மீசை வச்சிக்கிட்டு நிக்கிறது நான்தான். முன்னாடியே சொன்னா மை போடறப்ப அழகாக்கிடுவீங்க, அதான் சொல்லல. எப்படி இருக்கேன்னு எழுதுங்க."

அந்த ஒன்பது பேரையும் நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். தலைகள் வந்தன, மீசை எதுவும் வரவில்லை. வருத்தம் வரும் என்று காத்திருந்தேன், அதுவும் வரவில்லை. மரத்துப்போன காலைத் தொட்டுப் பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு ஒரு கார்டை எடுத்து, 'பார்த்தேன் அண்ணே, நினைத்ததைவிட இளமையாக இருக்கிறீர்கள்' என்று எழுதித் தபாலில் போட்டேன்.

இரண்டு வாரத்தில் இதழ் அவர் கைக்குப் போகும் என்று எனக்குத் தெரியாதா என்ன? சிங்கப்பூருக்கு எழுதிப் பக்கத்தைத் திரும்ப வாங்கியிருக்கலாம், ஆனால் பார்க்காத முகத்தை எப்படி வரைவது? அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்கும் ஒரு கார்டு போதும். எழுதவில்லை. பலகை எழுதினேன், சாப்பிட்டேன், தூங்கினேன்.

இதழ் வந்தது. கொடிமரம், அதற்கு இடப்பக்கம் வானம். அச்சு நன்றாக விழுந்திருந்தது.

அதற்கடுத்த புதன்கிழமை பக்கங்கள் வந்ததும் ஓரத்தைத்தான் முதலில் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த வாரம் கதையில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையையும் பெண்ணையும் மட்டும் வரைந்திருந்தார், பின்னால் ஒரு சுவர். அதற்கடுத்த வாரம் சந்தை, அதில் ஒரு கடைக்காரன், ஒரு கிழவி. அந்தக் கதை முடியும் வரை எந்தக் கட்டத்திலும் இரண்டு பேருக்கு மேல் அவர் வரையவில்லை. ஓரத்தில் ஒரு சொல்கூட எழுதவில்லை.

என் வேலை வெள்ளிக்கிழமையே முடிந்துவிடும். அப்படி முடிந்த முதல் வெள்ளிக்கிழமை, மேசையில் காய்ந்துகொண்டிருந்த கல்யாணப் பக்கத்தை வீட்டுக்கார அம்மாள் குனிந்து பார்த்தார். கல்யாணத்துக்கு வந்தவர்களெல்லாம் எங்கே என்று மலாயில் கேட்டார்.

எல்லாரையும் நான் தின்றுவிட்டேன் என்றேன். அவர் சிரித்தார்.