யார் எடுத்துக்கொண்டார்கள்?

கிளாஸ்கோ பேருந்தில் எதிரே இருக்கும் குழந்தை சிரித்தால் நாமும் சிரிக்கலாம். கன்னத்தைத் தொடக் கூடாது. வந்த புதிதில் நான் கை நீட்டியதும், அதன் தாய் தள்ளுவண்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பேருந்தில், நின்றுகொண்டு வருகிறவள் உட்கார்ந்திருப்பவர் மடியில் பிள்ளையை வைத்துவிடுவாள். யார் எவர் என்று கேட்பதில்லை.

நான் இங்கே சோசியல் வொர்க்கில் முதுகலை படிக்கிறேன். ஐந்து வயது மகன் கதிர் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அக்கா வீட்டில் வளர்கிறான். கணவருக்கு ராஜபாளையத்தில் மில் வேலை. ஷிப்ட் ஒத்துவரும்போது போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

எனக்குக் களப்பயிற்சி ஒரு சந்திப்பு மையத்தில். வீட்டில் பிள்ளைக்குப் பாதுகாப்பில்லை என்றால் இங்கே அரசு எடுத்து வேறொரு குடும்பத்தில் வளர்க்கிறது. பெற்றவள் வாரம் ஒருமுறை மையத்துக்கு வந்து பார்க்கலாம். அப்போது கூட இருந்து, நடந்ததை எழுதுவது என் வேலை. குடியால் மகளை இழந்த கெல்லி என்ற இளம்பெண் அப்படித்தான் வருவாள். ஒரு நாள் குழந்தை வரத் தாமதமானது.

"உனக்குப் பிள்ளை உண்டா?" என்றாள்.

"ஒரு மகன். இந்தியாவில் இருக்கிறான்."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "யார் எடுத்துக்கொண்டார்கள்?"

"யாரும் எடுக்கவில்லை. நான்தான் படிக்க வந்தேன்."

"யாரும் எடுக்காமலேயா?"

குத்திக் கேட்கவில்லை; அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. அதற்குள் குழந்தை வந்துவிட்டது. அன்று எனக்கு எழுத ஓடவில்லை.

கெல்லி குடியை விட்டாள். சில மாதங்களில் மகள் வாரக் கடைசியில் அவளோடு தங்கத் தொடங்கினாள். அந்தச் சமயத்தில்தான் அக்காவிடம் போனில் சொன்னேன், வேலை கிடைத்ததும் கதிரை இங்கே அழைத்துக்கொள்கிறேன் என்று.

"இங்கனயே படிக்கட்டும்டி. நல்லாப் பழகிட்டான்."

"எம் மகன்க்கா அவன்."

"இல்லன்னு யாரு சொன்னா? பிள்ளைய அலைக்கழிக்காதன்னுதான் சொல்லுதேன்."

பெற்றவளிடம் இப்போது அனுப்ப வேண்டாம் என்பதற்கு அறிக்கைகளில் இதே காரணத்தை நானும் எழுதியிருக்கிறேன்.

விடுமுறையில் ஊருக்குப் போனேன். கதிர் தெருவில் விழுந்து, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு அழுதபடி ஓடி வந்தான். வாசலில் நின்ற என்னைத் தாண்டி நேரே அடுப்படிக்குப் போய் அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டான்.

"ஏட்டி, செத்த தண்ணி கொண்டா" என்றாள் அக்கா.

கொண்டுவந்து, குத்துக்காலிட்டு அமர்ந்து மண்ணைக் கழுவினேன். எரிந்திருக்கும். ஒரு கையால் அவள் சேலையைப் பிடித்திருந்தவன், விழுந்துவிடாமலிருக்க மற்றக் கையை என் தோளில் ஊன்றிக்கொண்டான்.