வலது தோளின் பஞ்சுத் திண்டு

உள்ளங்கை அகலத்தில் ஒரு பஞ்சுத் திண்டு. வெள்ளைத் துணிக்குள் பஞ்சை அடைத்து, நான்கு ஓரமும் நெருக்கித் தைத்தது. மழை வந்துவிடும் என்று கொடியில் கிடந்த துணிகளை அவசரமாக உருவிக்கொண்டிருந்தபோது, பெரிய நர்சம்மாவின் ரவிக்கைக்குள் அது என் விரலில் தட்டுப்பட்டது. வலது தோளுக்கு உள்ளே மட்டும் வைத்துத் தைத்திருந்தார். இடது தோளில் எதுவும் இல்லை. மற்ற ரவிக்கைகளையும் தடவிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அப்படித்தான்.

மதுரையில் பிரசவப் பயிற்சி முடித்து, ஸ்ரீவில்லிபுத்தூர் பிரசவ விடுதியில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அது. சொந்த ஊர் ராஜபாளையம்தான் என்றாலும், இரவில் எப்போது அழைப்பு வரும் என்று சொல்ல முடியாததால் விடுதிக்குப் பின்னாலிருந்த குவார்ட்டர்ஸில் பெரிய நர்சம்மாவோடு தங்கியிருந்தேன். ஊரார் என்னைச் சின்ன நர்சம்மா என்றார்கள். கருவிகளை வரிசைப்படுத்தி, எண்ணி, சரிபார்த்துப் பழகிய கண் என்னுடையது. அந்தக் கண்ணுக்கு முன்னால் மாதக்கணக்கில் நடமாடியவரின் தோள் சரிந்திருப்பது எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது. ரவிக்கையை அவரிடம் நீட்டியபோது அவர் கோபப்படவில்லை. "கண்டுபிடிச்சிட்டியாட்டி? பரவாயில்ல, நீயும் நர்சுதான்" என்று சிரித்துவிட்டு, முந்தானையை விலக்கிக் காட்டினார். பாரம் ஏற்றிய வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதுபோல இருந்தது அந்தத் தோள்.

காரணம் பிரசவப் பை. அடி தட்டையான, கனத்த தோல் பை. யுத்தம் நடந்த வருடங்கள் அவை. கரியில் ஓடிய பஸ்கள் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. மம்சாபுரத்துக்கும் அதைத் தாண்டிய காட்டுப் பாதைகளுக்கும் அவர் நடந்துதான் போனார். ஆயா வேலைக்கு ஆள் போடவில்லை. நான் கேட்டாலும் பையைத் தரமாட்டார். "ஒரு மாடு நொண்டுறது போதாதா? உன் தோளையும் சாய்க்கணுமா?" என்பார். எத்தனையோ வருடங்களாக அத்தனை பாரமும் அந்த ஒரே கையில்தான். இப்போது அந்தக் கை தோள் மட்டத்துக்கு மேல் எழும்புவதில்லை. இடது கையால் தலை சீவி, இடது கையாலேயே எப்படியோ கொண்டையும் போட்டுக்கொண்டிருந்தார்.

சித்திரைக்குப் பிறகு மேலிடத்திலிருந்து லேடி டாக்டர் பரிசோதனைக்கு வருவார். கையைத் தூக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெரிய நர்சம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம். பிள்ளைகள் இல்லை. ஒரே தங்கை, அவளும் அப்போது மாமியார் வீட்டுக் கூட்டுக் குடும்பத்தில். "இந்த வீட்டுச் சாவியைக் குடுத்துட்டா நான் எங்கட்டி போவேன்? கோயில் வராந்தாவுக்கா?" என்று கேட்டார். அவர் கோயில் என்றது நாங்கள் ஞாயிறுதோறும் போகும் மாதா கோயிலைத்தான். விளையாட்டாகச் சொன்னதுபோல இருந்தாலும் முகத்தில் விளையாட்டு இல்லை.

மறுநாளே பையைப் பாயில் கவிழ்த்தேன். கத்தரி, நூல், லைசால் புட்டி, ஸ்பிரிட் விளக்கு, எனாமல் பேசின் இரண்டு, இரும்புத் தராசு, துண்டுகள், வேதப்புத்தகம். இவ்வளவும் இருக்க வேண்டியவை. அடியில் கிடந்தவை எந்தப் பட்டியலிலும் இல்லாதவை: கருப்பட்டி, சுக்கு, கிழித்து மடித்த பழஞ்சேலைகள், யாரோ ஒரு தாய்க்கு ஒரு படி அரிசி. பாரத்தில் பாதி அதுதான். எடுத்துவிடலாம் என்றேன். "தராசை எடு. ஒரு பேசினையும் எடு. கருப்பட்டில கை வச்சே, நீ வேற வீடு பாத்துக்கோ" என்றார். தராசும் ஒரு பேசினும் வெளியே போயின. மீதியை இனி இடது கையில் தூக்கும்படி சொன்னேன். அவர் ஒரு மாதிரியாக என்னைப் பார்த்துவிட்டு, சரி என்றார். அந்தப் பார்வையின் பொருள் மம்சாபுரத்தில் விளங்கியது.

பிரசவத்துக்குப் போன வீட்டு வாசலிலேயே மாமியார்க்காரி மறித்துக்கொண்டாள். "யம்மா நர்சம்மா, பிள்ளை பொறக்கப் போற வீட்டுக்குப் பீச்சாங்கைல தூக்கிட்டா வருவாவ? நல்லா இருக்கே!" உள்ளே மருமகள் வலியில் முனகிக்கொண்டிருந்தாள். பெரிய நர்சம்மா தெருவுக்கு இறங்கி, பையை வலது கைக்கு மாற்றிக்கொண்டு மறுபடி படியேறினார். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பயிற்சியில் எனக்கு எலும்பும் மூட்டும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எந்தக் கையால் வாசலுக்குள் நுழைய வேண்டும் என்பது எந்தப் பாடத்திலும் இல்லை.

திரும்பும் வழியில் காய்கறிக் கூடைகளோடு சந்தைக்குப் போகும் பெண்கள் எங்களைக் கடந்தார்கள். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் அவர்களுடைய தோள்களைப் பார்த்தோம் என்று நினைக்கிறேன். "தலைக்கு இடது வலது கிடையாதுல்லா?" என்றார் அவர். பாரம் குறைந்திருக்கிறது, கழுத்தை நேராக வைத்தால் தாங்கும் என்றேன். ஆனால் வெள்ளைச் சேலையும் காலில் செருப்புமாக, ஊரே கையெடுத்துக் கும்பிடும் நர்சம்மா, தலையில் பையோடு தெருவில் போவதா?

அடுத்த அழைப்பு வந்ததும் அவரே துண்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, "தூக்கிவிடுட்டி" என்றார். மம்சாபுரம் டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஆண்கள் இதை விடுவார்களா? "ஏலே, நர்சம்மா கருவாடு கொண்டாந்திருக்காவ, வெலை கேளுலே!" என்று ஒருவன் கத்தினான். பெரிய நர்சம்மா கழுத்தைத் திருப்பாமல் நடந்தபடியே சொன்னார்: "வெலை உன் வீட்டுக்காரிக்குத் தெரியும்லே. வைகாசில அவளுக்கு நாள். அப்ப வாரேன், நீயே எறக்கி வை." கடையே சிரித்தது. அவன் டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டான்.

அன்று போன வீட்டிலும் ஒரு மாமியார் வாசலில் நின்றாள். அவள் பையை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு இரண்டு கையும் நீட்டி அதை இறக்கினாள். "சீர் கொண்டு வர்ற மாதிரிலா வாரீய" என்றாள். கல்யாணத்துக்கும் வளைகாப்புக்கும் சீர்த்தட்டுகள் தலையில்தானே வருகின்றன. அந்தச் சொல் எங்களுக்கு முன்னால் அடுத்தடுத்த தெருக்களுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. புறப்படும்போது பையைத் தூக்கிவிட யாராவது வந்து நின்றார்கள். அதுவரை எவரிடமும் எதுவும் கேட்டறியாதவர், "செத்த தூக்கிவிடுங்க" என்று வழிப்போக்கர்களிடம் கேட்கப் பழகினார்.

தோல் பை தலையில் வழுக்கியது. ஒருநாள் ரவிக்கைகளிலிருந்த திண்டுகளையெல்லாம் பிரித்தெடுத்து, ஒன்றைச் சும்மாட்டுத் துணிக்குள் வைத்துச் சுற்றினார். அன்று முதல் சரிந்த தோளோடு, ஒளிக்காமல் நடந்தார். தினமும் காலையில் அடுப்படிச் சுவரில் விரல்களை நடத்தி வலது கையை மேலே ஏற்றச் சொல்வேன். எட்டிய இடத்தில் கரியால் கோடு போடுவேன். சில நாள் கோடு ஏறாது. "சுவரு என்ன வளர்ந்துட்டா?" என்பார். ஆனாலும் கரிக்கோடுகள் மெல்ல மெல்லப் புகைக்கூண்டை நெருங்கின.

லேடி டாக்டர் வந்தார். கையைத் தூக்கச் சொன்னார். வலது கை மேலே போய், காதருகில் நின்றது. முழங்கை கொஞ்சம் வளைந்திருந்தது, அவ்வளவுதான். டாக்டர் தோளை அழுத்திப் பார்த்தார். "நாள்பட்ட சேதம் இது. நல்லாத் தேறியிருக்கே! எந்த ஆஸ்பத்திரியில் காட்டினீங்க?"

"தெருவுலதாம்மா" என்றார் பெரிய நர்சம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, "ஏட்டி, மம்சாபுரத்துல ஆள் காத்துட்டு நிக்கான். செத்த தூக்கிவிடு" என்றார். டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலையில் பையோடு படியிறங்கிப் போனார். சாவி அவர் இடுப்பிலேயே இருந்தது.

ஓய்வு பெற்று, அவர் தங்கை வீட்டுக்குப் போகும் நாள்வரை அது அங்கேதான் இருந்தது. போகும்போது சாவியை என்னிடம் கொடுத்தார், கூடவே திண்டையும். இப்போது பஸ் ஒழுங்காக வருகிறது, ஆயாவும் இருக்கிறாள். பை இரண்டு சிறு பைகளாகிவிட்டது. ராஜபாளையத்துத் தையல்காரர் எனக்கு ரவிக்கை அளவெடுக்கும்போது, இரண்டு தோளும் ஒரே மட்டம் என்று சொல்லிக்கொண்டே நாடாவைச் சுருட்டுவார். அப்போதெல்லாம் எனக்குப் பையைத் தர மறுத்த அந்தக் கையை நினைத்துக்கொள்கிறேன். திண்டு என் மேசைமேல் இருக்கிறது. தோளின் சரிவை மறைக்க அவர் தைத்த திண்டு அது. இன்று எடுத்துப் பார்த்தால், நடுவில் ஒரு நேரான தலை அழுந்தி உண்டான பள்ளம் மட்டும் தெரிகிறது.