மாமனாரின் குட்டி லாரிக்கு எண்ணெய் ஊற்றிய நாள்

1991-ஆம் வருடம். எனக்குக் கல்யாணமாகி நாலைந்து மாதம் ஆகியிருந்தது. சேரப்பணஞ்சேரியில் மாமனார் வீட்டில் இருந்தோம். எங்களுடையது காதல் திருமணம். நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வீட்டுப் பெண். அவர்கள் ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற குடும்பம். மாமியார் சீக்கிரமே என்னிடம் ஒட்டிக்கொண்டார். மாமனார் மட்டும் ஒரு வார்த்தை பேச மாட்டார். திட்டவும் மாட்டார். நான் முன்னறைக்கு வந்தால், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். அது திட்டுவதைவிட வலிக்கும்.

வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவர் அவர். பார்வை மங்கியதால் ஸ்டியரிங்கை விட வேண்டியதாயிற்று. வீட்டில் அவர் முடங்கிக் கிடப்பதைப் பார்த்து, சிங்கப்பூரில் இருந்த என் கணவரின் அண்ணன் லீவில் வந்தபோது ரிமோட்டில் ஓடும் குட்டி லாரி ஒன்றைக் கொண்டுவந்தார். கடையில் விற்கிற பொம்மை மாதிரி இல்லை அது. நாலு சக்கரமும் இழுக்கும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் விரல் நீளத்தில், உள்ளே எண்ணெய் நிரப்பிய, உள்ளிருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் ஷாக் அப்சார்பர். புது அறை கட்ட வாசலில் கொட்டிவைத்திருந்த கருங்கல் குவியலில் அது ஏறுகிற அழகைப் பார்க்கத் தெருவே கூடும். மாமனார் முகத்தில் அப்போதுதான் சிரிப்பைப் பார்த்தேன்.

கொஞ்ச நாளில் ஷாக்கிலிருந்து எண்ணெய் கசிந்தது. லாரி கல்லுக்குக் கல் துள்ளிக் குப்புற விழுந்தது. மாற்றிப் போட ரப்பர் வளையங்களும், சின்ன பாட்டிலில் அதற்கான எண்ணெயும் அண்ணன் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தார். அந்த எண்ணெய் இங்கே எங்கும் கிடைக்காது. அதை மிச்சம் பிடிக்க நினைத்து மாமனார் முதலில் இன்ஜின் ஆயிலை ஊற்றிப் பார்த்தார். கெட்டியான எண்ணெயில் ஷாக் அசையவேயில்லை. வண்டி மரக்கட்டை மாதிரி நின்றது.

அன்று நான் நர்ஸாக வேலை பார்த்த படப்பை கிளினிக்குக்கு விடுமுறை. கணவர் ஷிப்டுக்குப் போயிருந்தார். மாமியார் வாலாஜாபாத்துக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார். வீட்டில் நாங்கள் இருவர்தான். அவர் வாசலில் உட்கார்ந்து ஷாக்கைத் துடைத்து, வளையம் மாற்றி, சரியான எண்ணெயை ஊற்றி மூடினார். அமுக்கினால் பொதபொத என்றது. உள்ளே காற்று. திறந்து வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். திரும்பக் கிண்ணத்தில் கவிழ்த்தார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் எண்ணெய் வீணாகியது. சமையற்கட்டு நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் பேசப் பயம்.

தலையைத் திருப்பாமலே அவர் சொன்னார்: "இதுல காத்து கீதான்னு பாரு."

யாரிடம் சொல்கிறார் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. என்னிடம்தான்! கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன்.

"இருக்கு மாமா. மேல ரெண்டு பெருசு. அடியில பொடிப்பொடியா ஒட்டிக்கினு இருக்கு." ஒரு மூச்சு விட்டுக்கொண்டு தொடர்ந்தேன். "சிரிஞ்சுல ஏத்தலாமா மாமா? ஊசி போடறப்ப நாங்க அப்டித்தான் காத்த எடுப்போம்."

"இன்னாவோ பண்ணு. சிந்தாத. அவ்ளோதான் எண்ணெ."

முனை உடைந்து கிளினிக்கில் ஒதுக்கிய கண்ணாடி சிரிஞ்சு ஒன்று என் பெட்டியில் இருந்தது. ஓடிப்போய் எடுத்துவந்தேன். எண்ணெயை உறிஞ்சி, ஷாக்கின் அடியிலிருந்து மெல்ல ஏற்றினேன். அவர் ஷாக்குக்குள் ஏறி இறங்கும் தண்டை மேலும் கீழும் நிதானமாக அசைத்தார். நான் நகத்தால் தட்டினேன். குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்து உடைந்தன.

"போச்சா?"

"இன்னும் ஒண்ணு மாமா. வரமாட்டேங்குது."

"உங்க ஆஸ்பத்திரில ஆளுங்களையும் இப்டித்தான் தட்டுவீங்களா?"

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அவரும் சிரித்துவிட்டார்.

நாலாவது ஷாக்குக்கு எண்ணெய் விளிம்புக்குக் கீழேயே நின்றுவிட்டது. பாட்டில் காலி. அவர் முகம் வாடியது. கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்ததையெல்லாம் சிரிஞ்சால் வழித்து ஏற்றினேன். விளிம்பைத் தொட்டது. மூடியைத் திருகி, அவர் அமுக்கிப் பார்த்தார். சத்தமே இல்லை, வெண்ணெயில் விரலை விட்ட மாதிரி இறங்கி ஏறியது.

லாரியைக் கல் குவியலில் விட்டோம். முதல் கல்லில் முன் சக்கரம் தூக்கியது, வண்டி சாய்ந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. சக்கரம் மெதுவாக இறங்கிக் கல்லைப் பிடித்தது. ஏறியது. அடுத்த கல். அடுத்தது. உச்சியில் போய் நின்றதும் மாமனார் விசிலடித்து, "ரைட்டு! போலாம், ரைட்டு!" என்று கத்தினார்.

அப்போதுதான் மாமியார் பையோடு தெருமுனையில் வந்துகொண்டிருந்தார். வாயைப் பிளந்து நின்றுவிட்டார்.

"எம் மருமொவ ஊத்துன எண்ணெடி, பாரு!" என்று அவரிடம் சொல்லிவிட்டு, மாமனார் ரிமோட்டை என் கையில் திணித்தார். நான் பதற்றத்தில் லாரியை நேராகக் கோழிக்கூண்டில் விட்டேன். கோழிகள் நாலா பக்கமும் பறந்தன. மாமியார் அலறினார். மாமனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கல்லிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

அதற்குப் பிறகு, நான் சர்ச்சிலிருந்து திரும்பும் நேரத்துக்கு லாரியோடு வாசலில் காத்திருப்பார். தண்டில் ஒட்டிய தூசியைத் துடைப்போம், கசிகிறதா பார்ப்போம், ஊர்க்கதை பேசுவோம். என்னை ஏற்றுக்கொண்டதாக அவர் கடைசிவரை வாயால் சொல்லவில்லை. கேட்கவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. இப்போது என் வீட்டுக்கும் ஒரு மருமகள் வந்திருக்கிறாள். அவளிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் விழிக்கும்போதெல்லாம், இரண்டு பேரும் சேர்ந்து செய்கிற மாதிரி ஒரு வேலையைத்தான் முதலில் தேடுகிறேன்.