தெரியாது என்று சொன்னவள்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் இட்லிக்கடை போட்டிருந்த அய்யம்மாளுக்குக் காக்கிச் சட்டை புதிதல்ல. வாய்தாவுக்கு வரும் போலீஸ்காரர்கள் பலரும் அவள் கடையில்தான் கை நனைப்பார்கள். 1996 ஆவணியில் ஒருநாள் ஏட்டம்மா ஒருத்தி வந்து பெஞ்சில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றியபோதுதான் அய்யம்மாளுக்கு மாவுக் கரண்டி கையிலேயே நின்றுபோனது. வந்தவள் கிருபாபாய்.

இரண்டு பேரும் ராஜபாளையத்தில் ஒரே தெருக்காரிகள். பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தார்க்குச்சியில் நூல் சுற்றியவர்கள். கிருபா பத்தாவது தேறியவள், அய்யம்மாள் அஞ்சோடு நின்றவள். பெண் போலீசுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் கிருபாவுக்கு ஆசை வந்தது. தனியாக ஓடிப் பழகத்தான் கூச்சம். அதற்காகவே அய்யம்மாளும் விடியுமுன் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வற்றிய கண்மாய்க்குள் அவளோடு ஓடினாள். ஓட்டத்தில் அய்யம்மாளைப் பிடிக்க முடியாது. போலீசுக்குப் போறது நீயா நானா என்று கிருபா இரைக்க இரைக்கக் கேட்பாள். கிருபாவுக்கு வேலை கிடைத்தது. அய்யம்மாளை மம்சாபுரத்தில் இருளப்பசாமிக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

இருளப்பசாமி பகலில் தோட்ட வேலைக்குப் போவான், மலையடிவாரத்தில் கள்ளச் சாராயமும் காய்ச்சுவான். ஒருநாள் அங்கேயே பாம்பு தீண்டிச் செத்தான். இடுப்பில் பெண்பிள்ளையோடு நின்ற அய்யம்மாள், அவன் கூட்டாளிகள் காய்ச்சியதை லாரி டியூபில் அடைத்து, சேலைக்குள் இடுப்பில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறத் தொடங்கினாள். அது தப்பென்று தெரியாமலில்லை. அதைக் குடித்துச் சில வீடுகள் அழிவதையும் கண்ணால் பார்த்தாள். பார்த்துக்கொண்டேதான் செய்தாள்.

பொம்பளையை ஆண் போலீஸ் சோதிக்கமாட்டான் என்ற தைரியம் 1988 வரைதான் செல்லுபடியானது. அந்த வருஷம் பஸ்ஸை மறித்தவர்களோடு கிருபாவும் வந்திருந்தாள். அவளைக் கண்டதும் அய்யம்மாளுக்கு உயிர் வந்ததுபோல இருந்தது. “ஏட்டி கிருபா” என்று கூப்பிட்டுவிட்டாள்.

சப்-இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்து, “ஒனக்குத் தெரிஞ்ச பொம்பளையாம்மா?” என்று கேட்டார்.

“தெரியாது சார்” என்றாள் கிருபா. பஸ்ஸுக்குப் பின்னால் கூட்டிப்போய், சேலைக்குள் கைவிட்டு டியூபை அவிழ்த்தெடுத்தாள். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

மதுரை ஜெயிலுக்குக் கிருபா இரண்டு தடவை பார்க்க வந்தாள். இரண்டு தடவையும் அய்யம்மாள் வரமாட்டேனென்று சொல்லி அனுப்பினாள். அவள் வெளியே வந்தபோது, பிள்ளையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த தாய் மாரியாத்தாள் இறந்து போயிருந்தாள். பிள்ளை அடுத்த வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தது. அன்றோடு சாராயத்தை விட்டாள். ஊர்க்காரர் கண்ணில் படாமல் பிழைக்க ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து அடுப்பு மூட்டினாள்.

இப்போது ஒரு வழக்கில் சாட்சி சொல்ல வந்த கிருபாவுக்கு அவள் பேசாமல் இட்லி வைத்தாள். கிருபாவும் பேசாமல் தின்றுவிட்டுப் போனாள். அடுத்த வாய்தாவுக்கும் அப்படியே. அதற்கடுத்த தடவை மழை பிடித்துக்கொண்டது. கடையில் வேறு ஆளில்லை. அய்யம்மாள்தான் ஆரம்பித்தாள்.

“பிடிச்சது ஒன் வேலை. அதுல எனக்கு வருத்தமில்ல. தெரியாதுன்னு ஏன் சொன்ன?”

கிருபா தட்டைக் கீழே வைத்தாள். “தெரியும்னா என்னைய ஒதுங்கச் சொல்லிருப்பாக. அங்க வேற பொம்பள போலீசு இல்ல. ஆம்பளக் கை ஒம்மேல படுமேன்னு நெனச்சேன். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டு வாரேன். ஆனா வேலைக்கு ஏதும் வந்துருமோன்னு பயந்ததும் நெசம். எது முந்தி வந்துச்சுன்னு எனக்கே தெரியலட்டி.”

முதல் பாதியோடு கிருபா நிறுத்தியிருக்கலாம் என்று அய்யம்மாளுக்குத் தோன்றியது. கோர்ட்டு வாசலில் அய்யம்மாள் கேட்காத பொய்யா? இது பொய்யில்லை என்று அவளுக்குப் பட்டது.

“ஜெயிலுக்கு வந்தியே, அப்ப இதைச் சொல்லத்தான் வந்தியா?”

“மொதத் தரம் அதுக்குத்தான். ரெண்டாவது தரம், ஒங்க அம்மை படுக்கையில கெடந்தா. ஒம் பேரைச் சொல்லிக்கிட்டே இருந்தா. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

அய்யம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். இத்தனை வருஷமும் கிருபாவின் ஒரு சொல்லையே அவள் நெஞ்சில் போட்டு அரைத்துக்கொண்டிருந்தாள். தான் சொல்லியனுப்பிய ‘வரமாட்டேன்’ அவள் நினைவுக்குக்கூட வந்ததில்லை. கிருபா எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டாள். அய்யம்மாள் அந்தக் கையைத் தட்டவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

தை மாதம் வழக்கு முடிந்தது. கடைசி நாள் கிருபா சாப்பிட்டுவிட்டும் போகாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். மகளுக்குச் சடங்கு வைத்திருக்கிறேன், நீ வரணும் என்று கூப்பிட அய்யம்மாளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. காக்கி உடுப்போடு ஒருத்தி வீட்டு வாசலில் வந்து நின்றால், ஊர் மறந்த கதையை எடுத்துப் பேசுமே என்ற யோசனை அதை அமுக்கிவிட்டது. “வாரேன்” என்றாள் கிருபா. சரி என்று தட்டுகளைக் கழுவக் குனிந்தாள் இவள்.

சடங்குக்கு முதல்நாள் மனசு கேட்காமல் ஒரு போலீஸ்காரரிடம் விசாரித்தாள். ஏட்டம்மா ராமநாதபுரம் பக்கம் மாறுதலாகிப் போய்விட்டதாகச் சொன்னார். விலாசம் வேணுமென்றால் ஸ்டேஷனில் போய்க் கேட்கச் சொன்னார். குற்றவாளியாக ஒருமுறை ஏறிய அந்தப் படியில் மறுபடி ஏற அய்யம்மாளுக்குக் கால் வரவில்லை.