சோலியோவில் ஆறிப்போன மரோனி நூடில்ஸ்

இந்தப் பதிவைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், முதலே சொல்லிவிடுகிறேன். போன ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை, நியூஜெர்சியிலிருந்து வந்திருந்த என் அக்காவின் கணவரை, சோலியோ என்ற மலைக் கிராமத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அத்தான் அமெரிக்காவில் ஒருவரும் எட்டிப் பார்க்காத சின்ன ஊர்களாகத் தேடிப் போய், அந்தந்த ஊர்ச் சாப்பாட்டைப் படம் எடுத்து அனுப்புகிறவர். லூசியானாவில் நண்டு, மேய்னில் புளூபெரி பை என்று வாரத்துக்கு ஒன்று வரும். வந்திறங்கிய அன்றே, "சுவிஸில என்னடாப்பா இருக்கு, சீஸும் சொக்லேட்டும்தானே?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் சூரிச்சில் ஓர் உணவகத்தில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். கோப்பை கழுவிக்கொண்டிருந்த என்னை அடுப்புக்கு இழுத்துவிட்டவள் சில்வியா. இரண்டு வருடத்துக்கு முன் அவள் தன் சொந்த ஊரான சோலியோவுக்குத் திரும்பி, எட்டு மேசை போட்டுச் சாப்பாட்டுக்கடை நடத்துகிறாள். நான் சமைப்பதெல்லாம் அவளிடம் பழகியதுதான். என் ஆட்களில் ஒருவராவது அங்கே உட்கார்ந்து சாப்பிட்டு, "இதுவோ உங்கட சமையல்? நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லவேண்டும். இவ்வளவு காலத்தில் ஒருவரும் சொன்னதில்லை. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் பன்னிரண்டரைக்கு மேசை பதிந்தேன்.

சூரிச்சுக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கும் ஷ்லீரனிலிருந்து காரில் 225 கிலோமீட்டர். காலை எட்டுக்குப் புறப்பட்டு, கூர் நகரம் தாண்டி, பத்தே முக்காலுக்கு ஜூலியர் கணவாயில் கால் நீட்ட நிறுத்தினோம். என் மனைவி சுகந்தி காரின் பின்கதவைத் திறந்து ஒரு குளிர்பெட்டியை இறக்கினாள். உள்ளே புட்டு, ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பொரியல், சம்பல்.

"இதென்னத்துக்கு? கடையில மேசை பதிஞ்சிருக்கெல்லே!"

"வந்த மனுசனை வெறும் வயித்தோட கடைக்குக் கூட்டிக்கொண்டு போறதோ? மச்சாள் கேள்விப்பட்டா என்ன நினைப்பா?"

எங்கள் சனம் ரைன் நீர்வீழ்ச்சிக்குப் போனாலும் யுங்ஃபிராவ் மலைக்குப் போனாலும் முதலில் இறங்குவது சாப்பாட்டுப் பெட்டிதான். அத்தானோ, "ஓம் ஓம், நல்லாப் பசிக்குது" என்று கல்லில் குந்திவிட்டார். அரை மணியில் பெட்டி துடைத்த மாதிரிக் காலி.

மலோயா மலைப்பாதை வளைவுகளில் இறங்கி 12.25க்கு சோலியோ போய்ச் சேர்ந்தோம். கல்லுக்கூரை வீடுகள், எதிரே பல்லுப் பல்லாகப் பாறைச் சிகரங்கள், கீழே சரிவு முழுக்க மரோனி மரம், அதாவது செஸ்நட். சூரிச் வீதியோரத்தில் கடதாசிப் பையில் சுட்டு விற்கிறார்களே, அந்த மரோனிதான். இங்கே அதை மரக்குடிலுக்குள் பரப்பி, கீழே புகைமூட்டி ஆறு வாரம் உலர்த்தி மாவாக்குகிறார்கள். அந்த மாவில் சில்வியா கையாலே நூடில்ஸ் வெட்டி, வெண்ணெயில் பிரட்டிக் கொண்டுவந்து வைத்தாள். தட்டு 28 பிராங்.

அத்தான் தட்டைத் திருப்பித் திருப்பி ஏழு படம் எடுத்தார். "சுவிஸின் மறைந்திருக்கும் ருசி" என்று எழுதி எல்லாருக்கும் அனுப்பினார். பிறகு இரண்டு வாய். பிறகு, "தம்பி, மிளகாய்த்தூள் இருக்கோ கேளும்."

"அத்தான், அந்த லூசியானா நண்டு எப்பிடி இருந்தது?"

"ஆர் கண்டது? உம்மட அக்கா சோறு கட்டித் தந்தவ, அதைத்தான் காருக்குள்ள இருந்து சாப்பிட்டனான்."

அடப் பாவி மனுசா! சுகந்தியோ முள்ளுக்கரண்டியால் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்று தட்டும் ஆறிக்கொண்டிருக்க, சில்வியா வந்து நின்றாள். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் போதும் என்றிருந்தது. சுகந்தி ஜேர்மனில் மன்னிப்புக் கேட்டு, வழியில் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டதைச் சொல்லிவிட்டாள்.

சில்வியா என்னைப் பார்த்தாள். அவள் ஜேர்மனில் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன்: "எனக்கு மிச்சம் வைத்தாயா?"

நான் குனிந்து முள்ளுக்கரண்டியை எடுத்தேன். அவள் விடவில்லை:

"பதினேழு வருடம் ஒரே அடுப்படியில் நின்றோம். நீ உன் சாப்பாட்டைப் பின்வாசலில் நின்று சாப்பிடுவாய். ஒரு நாளாவது, இந்தா ருசி பார் என்று நீட்டினாயா?"

கறி மணக்குது என்று மூக்கைச் சுளிப்பார்கள் என்ற பயத்தில்தான் அப்படி நின்றேன். அதை அன்றும் அவளிடம் சொல்லவில்லை.

நீங்களும் போவதென்றால் ஒக்டோபரில் போங்கள். காரை ஊர் வாசலிலேயே விடவேண்டும். ரயிலென்றால் சூரிச்சிலிருந்து சென்ட் மோரிட்ஸ் வரை போய், இரண்டு மஞ்சள் பஸ் மாற வேண்டும், ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம். பெட்டி கட்டாதீர்கள் என்று சொன்னால் நீங்கள் கேட்கப்போவதில்லை. கட்டுங்கள், ஆனால் சமைக்கிறவளுக்கும் ஒரு பங்கு கட்டுங்கள், கணவாயில் திறக்காதீர்கள்.

அத்தானை இவ்வளவு திட்டி எழுதிவிட்டேன். அன்று கணவாயில் மூன்றாம் தரமும் புட்டுக்குத் தட்டை நீட்டி, கறிச்சட்டியை வழித்தது அவரில்லை, நான்தான்.