தையல்காரம்மா கவுன்சிலரான கதை

எங்கள் தெருமுனையில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தவளை எல்லாரும் தையல்காரம்மா என்றுதான் கூப்பிடுவோம். குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்து வந்தபோது ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு போய் வார்டு அலுவலகத்து மேசைமேல் வைத்து, "முதல்ல நீங்க குடிங்க சார், அப்புறம் நாங்க குடிக்கிறோம்" என்றவள். அதற்காகவே தேர்தலில் நிறுத்தினோம். தெருவே வேலை செய்தது. ஜெயித்தாள்.

கணவர் இறந்த பிறகு வீட்டில் அவளும் அவருடைய அக்காவும்தான். காஜா எடுப்பதும் பித்தான் தைப்பதும் நாத்தனார் பொறுப்பு.

"கவுன்சிலரம்மா, நல்ல தண்ணி எப்ப வரும்?" என்று நாத்தனார் சீண்டுவார்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணி, இப்பதானே போயிருக்கேன்."

முதல் மாமன்றக் கூட்டத்திலேயே எழுந்து பேசினாள். ஆணையர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். குடிநீரும் கழிவுநீரும் மாநகராட்சியிடம் இல்லை. அதற்குத் தனி வாரியம், அமைச்சரின் கீழே. குழாய் புதைந்திருக்கும் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. மாமன்றத்துக்கு என்று இருப்பது குப்பை, தெருவிளக்கு, கொசு மருந்து. அதற்கும் கையெழுத்துப் போடுவது ஆணையர். ஆணையரை அனுப்புவது அரசாங்கம்.

நேரே மேயர் அறைக்குப் போனாள்.

"ஐயா, ஊருக்கே நீங்கதான் மேயர். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"எனக்கு ஒரு கார் குடுத்திருக்காங்கம்மா. டிரைவருக்குக் கண்ணு சரியாத் தெரியல. அவரை மாத்தச் சொல்லி ஆணையர்கிட்ட நானே கெஞ்சிட்டிருக்கேன். தினமும் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுதான் வர்றேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே வந்ததும் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு சாக்கடை கலக்கும் குழாயை மாற்றித் தரக் கேட்டு மாமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தாள். எல்லாக் கட்சிக்காரர்களும் மேசையைத் தட்டி நிறைவேற்றினார்கள். அது தலைமைச் செயலகம் போனது. அங்கே கேட்டால், "வாரியம் எழுதணும்" என்றார்கள். வாரியத்தில் கேட்டால், "மேலேருந்து உத்தரவு வரணும்." செருப்புத் தேய அலைந்தாள். அதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது.

கொதிக்கவைத்துத்தான் குடித்தார்கள். ஆனாலும் நாத்தனாருக்குக் கண் மஞ்சளானது. ஆஸ்பத்திரியில் அவர் அவளைக் குறை சொல்லவில்லை. "நீ என்ன பண்ணுவ? பெரிய இடத்துல உக்கார்ந்திருக்கேன்னு நாங்கதான் தப்பா நினைச்சுட்டோம்" என்று அவள் கையைத் தடவிக்கொடுத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்த வாரமே அவர் போய்விட்டார்.

மயானம் மாநகராட்சியுடையது. கவுன்சிலர் வீட்டுச் சாவு என்றதும் வழியெல்லாம் பெருக்கி, மருந்து தெளித்து, எரியாத விளக்குகளைக்கூட எரியவிட்டிருந்தார்கள். மேற்பார்வையாளர் ஓடிவந்து, "வேற ஏதாவது வேணுமாம்மா? சொல்லுங்க, உடனே செஞ்சுடலாம்" என்றார். அதுவரை அழாமல் வந்தவள் அங்கேதான் உடைந்து அழுதாள்.

ராஜினாமா செய்துவிடலாம் என்று இருந்தாள். அதற்கும் வழியில்லை. என்னவோ காரணம் சொல்லி அரசாங்கம் மாமன்றத்தையே கலைத்துவிட்டது. அதே ஆணையரைத் தனி அலுவலராகப் போட்டார்கள்.

தெருவில் பலர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார்கள். சீருடைகள் வேறு கடைக்குப் போயின. அவள் கடையைக் காலி செய்த அன்று தையல் மிஷினை வண்டியில் ஏற்ற நானும் ஒரு கை கொடுத்தேன்.

"எங்கே போறீங்க?"

"என் கூடப்பொறந்த அக்கா வீட்டுக்கு. வேற ஊரு."

"அங்க தண்ணியெல்லாம் எப்படி?"

"விசாரிக்கல" என்று சொல்லி வண்டியில் ஏறிக்கொண்டாள்.